ராத்திரிப் பால்: தாய்ப்பாலோடு பவுடர் பாலும் சேர்த்துக் கொடுப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிரசவ வார்டில் செவிலியராக வேலை பார்க்கிறேன். வீட்டுக்குப் போன பிறகு தாய்மார்கள் போன் செய்து கேட்பது பெரும்பாலும் ராத்திரிப் பாலைப் பற்றித்தான். சில நேரம் கணவர் பேசுவார், சில நேரம் மாமியார் போனை வாங்கிப் பேசுவார். கேள்வி மட்டும் மாறாது. அதனால் அவர்கள் கேட்டபடியே எழுதி, கீழே பதிலும் சொல்லியிருக்கிறேன்.

இதெல்லாம் நிறைமாதத்தில் பிறந்து ஆரோக்கியமாக இருக்கும், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு. குறைமாதக் குழந்தை, எடை குறைவாகப் பிறந்த குழந்தை, இதயத்திலோ சிறுநீரகத்திலோ கோளாறு உள்ள குழந்தை என்றால் உங்கள் குழந்தை மருத்துவர் சொன்ன அளவுதான் கணக்கு. தாய்க்கு எச்.ஐ.வி. இருந்தால், பவுடர் பால் சேர்ப்பதற்கு முன் சிகிச்சை பெறும் மையத்தில் கட்டாயம் கேளுங்கள்.

தாய்ப்பாலும் பவுடர் பாலும் சேர்த்துக் கொடுக்கலாமா சிஸ்டர்? ரெண்டும் வயித்துல ஒத்துக்காதுன்னு மாமியார் சொல்றாங்க.

ஒத்துக்கொள்ளும். ஒரு வேளை தாய்ப்பால், ஒரு வேளை பவுடர் பால் என்று கொடுப்பதால் வயிற்றில் எதுவும் திரிந்துபோகாது. தாய்ப்பாலும் வயிற்றுக்குள் போனதும் திரியத்தான் செய்கிறது, அதுதான் செரிமானம்.

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. எங்கள் வார்டிலும் அதைத்தான் சொல்கிறோம், நானும் அதைத்தான் நம்புகிறேன். ஆனால் எடை ஏறாத குழந்தை இருக்கிறது, இரட்டைக் குழந்தை இருக்கிறது, அறுவை சிகிச்சைக்குப் பிறகு எழுந்து உட்காரவே சிரமப்படும் தாய் இருக்கிறார். அப்படி ஒரு நிலை வந்தால் பவுடர் பாலைத் தாய்ப்பாலோடு சேர்த்துக் கொடுங்கள், தாய்ப்பாலை நிறுத்திவிட்டுக் கொடுக்காதீர்கள். கீழே வரும் பதில்கள் எல்லாமே இந்த ஒன்றைக் காப்பாற்றுவதற்குத்தான்.

எனக்குப் பால் பத்தலை. ராத்திரி பூரா அழறான். பவுடர் ஆரம்பிச்சுடவா?

முதலில் பால் உண்மையிலேயே பத்தவில்லையா என்று பார்க்கலாம். அழுகையை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். மார்பு மெத்தென்று இருப்பது, பம்ப் வைத்தால் கொஞ்சமாக வருவது இரண்டுமே பால் குறைவுக்கு அடையாளம் இல்லை. குழந்தை இழுக்கும் அளவுக்கு பம்ப் இழுக்காது.

பார்க்க வேண்டியது சிறுநீரும் எடையும். ஐந்து நாளுக்கு மேல் ஆன குழந்தை 24 மணி நேரத்தில் ஆறு முறையாவது வெளிர்நிறத்தில் சிறுநீர் கழிக்க வேண்டும். பிறந்த சில நாட்களில் எடை கொஞ்சம் குறைவது இயல்பு, பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். அதன்பின் முதல் மூன்று மாதம் ஒரு நாளைக்குச் சுமார் 25 முதல் 30 கிராம் ஏறும். இது சரியாக இருந்தால் பால் போதுகிறது. சாயங்காலம் தொடங்கி ராத்திரி பத்து, பதினொன்று வரை அரை மணிக்கு ஒருமுறை மார்பைத் தேடுவது பச்சைக் குழந்தைகளின் வழக்கம். சில வாரங்களில் அடங்கிவிடும்.

குழந்தை வாய் வைத்திருக்கும் விதத்தையும் ஒருமுறை யாரிடமாவது காட்டுங்கள். காம்பை மட்டும் பிடித்துச் சப்பினால் உங்களுக்கு வலிக்கும், அதற்கும் பால் வராது. காம்பைச் சுற்றியுள்ள கருவட்டமும் சேர்ந்து வாய் நிறைய இருக்க வேண்டும். பால் பத்தவில்லை என்று வருகிறவர்களில் பலருக்கு இதைச் சரிசெய்தாலே பவுடர் டின் வாங்கும் வேலை இல்லாமல் போயிருக்கிறது.

சிறுநீர் குறைந்தாலோ, எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடந்தாலோ, பச்சையாக வாந்தி எடுத்தாலோ, மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

பவுடர் பால் கொடுத்தா ராத்திரி முழுக்கத் தூங்குவாங்களாமே?

பவுடர் பால் செரிக்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும். அதனால் சில குழந்தைகள் ஒருவேளை கொஞ்ச நேரம் சேர்த்துத் தூங்கலாம். பல குழந்தைகள் அதைக் குடித்துவிட்டும் அதே நேரத்துக்குத்தான் எழுந்துகொள்கிறார்கள். தூக்கத்துக்காக மட்டும் பவுடர் பால் தொடங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

சின்னக் குழந்தை ராத்திரியில் எழுவது நோயில்லை, அதன் வயிறு அவ்வளவு சின்னது. ராத்திரி சுரக்கும் தாய்ப்பாலில் தூக்கத்துக்கு உதவும் மெலட்டோனின் என்ற ஹார்மோனும் இருக்கிறது, பகல் பாலில் அது மிகக் குறைவு. பிறந்த எடைக்குத் திரும்பாத குழந்தை என்றால், தூங்கினாலும் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்பிப் பால் கொடுக்கத்தான் வேண்டும்.

எந்த வேளைக்குப் பவுடர் கொடுக்கறது? பத்து மணிக்கா, ரெண்டு மணிக்கா?

எல்லாக் கேள்விகளிலும் இதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். பால் எவ்வளவு எடுக்கப்படுகிறதோ அவ்வளவுதான் சுரக்கும். மார்பில் பால் தேங்கி நின்றால், இவ்வளவு தேவையில்லை என்று உடம்பு உற்பத்தியைக் குறைத்துவிடும். பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் ராத்திரியில்தான் அதிகம். நள்ளிரவு தாண்டிக் கொடுக்கும் பால் அந்த வேளைப் பசிக்கு மட்டுமல்ல, மறுநாள் சுரப்புக்கும் சேர்த்துத்தான்.

அதனால் ஒரே ஒரு வேளை பவுடர் என்றால் அது பத்து, பதினொரு மணி வேளையாக இருக்கட்டும். நீங்கள் ஒன்பது மணிக்குக் குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டுப் படுத்துவிடுங்கள். அடுத்த வேளையை வீட்டில் வேறு யாராவது பவுடர் பாலாகக் கொடுக்கட்டும். ஒன்று, இரண்டு மணிக்குக் குழந்தை எழும்போது நீங்கள் மார்பில் கொடுங்கள். அதற்குள் சேர்ந்தாற்போல நான்கு மணி நேரமாவது தூங்கியிருப்பீர்கள். பிள்ளை பெற்ற உடம்புக்கு அது பெரிய விஷயம்.

முடிந்தவரை முதல் மூன்று நான்கு வாரம் கழித்து இதைத் தொடங்குங்கள். சுரப்பு நிலைப்பட அவ்வளவு நாள் வேண்டும். மருத்துவர் முதல் வாரத்திலேயே கொடுக்கச் சொல்லியிருந்தால் அது வேறு. அப்போது ஒவ்வொரு முறையும் முதலில் மார்பு, அப்புறம் பவுடர். ராத்திரி எல்லா வேளைக்கும் பவுடர் கொடுத்துவிட்டுப் பகலில் மட்டும் தாய்ப்பால் என்று வைத்துக்கொண்டால், சீக்கிரமே பகல் பாலும் குறைவதைப் பார்ப்பீர்கள்.

எவ்வளவு கொடுக்கணும்? டின்ல போட்டிருக்கற அளவு ரொம்ப அதிகமா இருக்கே.

டின்னில் உள்ள அட்டவணை பவுடர் பால் மட்டுமே குடிக்கும் குழந்தைக்கு. மொத்தமாகப் பவுடர் பாலிலேயே வளரும் குழந்தைக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 150 மி.லி. தேவைப்படும். நாலு கிலோ குழந்தை என்றால் நாள் முழுக்க 600 மி.லி. எட்டு வேளையாகப் பிரித்தால் ஒரு வேளைக்கு 75 மி.லி.

மார்பில் குடித்துவிட்டு மேற்கொண்டு கொடுப்பதானால் 30 மி.லி.யில் தொடங்குங்கள். தலையைத் திருப்பிக்கொண்டால், உதட்டை மூடிக்கொண்டால், கை விரல்கள் தளர்ந்து விரிந்தால் போதும் என்று அர்த்தம். கலந்துவிட்டோமே என்று கடைசிச் சொட்டு வரை ஊட்ட வேண்டாம்.

தூக்கக் கலக்கத்துல எப்படிக் கலக்கறது? தண்ணி சூடா இருக்கணுமா, வெதுவெதுப்பா இருக்கணுமா?

பவுடர் பால் கிருமி நீக்கப்பட்ட பொருள் இல்லை. டின்னைத் திறக்கும் முன்பே அதில் க்ரோனோபேக்டர் போன்ற கிருமி இருக்க வாய்ப்பு உண்டு. அரிதுதான், ஆனால் இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு வந்தால் உயிருக்கே ஆபத்து. 70 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத தண்ணீரில் கலந்தால் அது சாகும் என்பதால் உலக சுகாதார நிறுவனம் அந்தச் சூட்டில் கலக்கச் சொல்கிறது. சில டின்களில் வெதுவெதுப்பான தண்ணீர் என்று போட்டிருக்கும். பச்சைக் குழந்தைக்குச் சூடான தண்ணீர்தான் பாதுகாப்பு.

படுக்கப் போகும் முன் தண்ணீரைத் தளதளவெனக் கொதிக்கவிட்டு, நல்ல ஃபிளாஸ்க்கில் கழுத்து வரை ஊற்றி மூடி வைத்துவிடுங்கள். நிறைந்த ஃபிளாஸ்க்கில் சில மணி நேரத்துக்குச் சூடு அப்படியே நிற்கும். கேன் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர் எதுவானாலும் கொதிக்க வைக்காமல் வேண்டாம். பாட்டிலையும் நிப்பிளையும் பிரித்து, கழுவி, தண்ணீரில் முழுகும்படி ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு எடுத்து மூடி வையுங்கள்.

கலக்கும்போது சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு, முதலில் தண்ணீர். பாட்டிலைச் சமமான இடத்தில் வைத்துக் குனிந்து கண் மட்டத்தில் கோட்டைப் பாருங்கள், கையில் தூக்கிப் பிடித்துப் பார்த்தால் அளவு தப்பும். அப்புறம் அந்த டின்னிலேயே இருக்கும் ஸ்கூப்பில் பவுடரை அழுத்தாமல் அள்ளி, கத்தியின் முதுகால் மேலே ஒரு இழுப்பு இழுத்துச் சமப்படுத்திப் போடுங்கள். பல டின்களில் 30 மி.லி.க்கு ஒரு ஸ்கூப். எல்லாவற்றிலும் அப்படி இல்லை, உங்கள் டின்னைப் படித்துக்கொள்ளுங்கள். மூடிச் சுழற்றிக் கலந்து, குளிர்ந்த தண்ணீர் உள்ள கிண்ணத்தில் பாட்டிலை நிறுத்தி ஆற்றுங்கள். மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டால் சுடக் கூடாது.

குழந்தை கத்தும்போது ஆற்றிக்கொண்டு நிற்க முடியாது என்பவர்கள், சாயங்காலமே இதே முறையில் கலந்து, சீக்கிரம் ஆறவைத்து, ஃபிரிட்ஜின் உள்பக்கம் வைத்துவிடலாம். கதவுப் பக்கம் வேண்டாம், அங்கே குளிர் நிற்காது. 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். எடுத்ததும் வெந்நீர்க் கிண்ணத்தில் நிறுத்திச் சூடாக்கிக் கொடுங்கள். மைக்ரோவேவ் வேண்டாம், ஓரிடத்தில் கொதிக்கும் ஓரிடத்தில் ஆறியிருக்கும், வாய் வெந்துவிடும்.

ஒரு ஸ்கூப் கூடப் போட்டுக் கெட்டியாக் கலந்தா பசி தாங்கும்ல?

தயவுசெய்து செய்யாதீர்கள். கெட்டியான பாலில் உப்புச்சத்து கூடுகிறது. குழந்தையின் சிறுநீரகம் அதை வெளியேற்ற உடம்பிலிருக்கும் தண்ணீரைச் செலவழிக்கும். குழந்தைக்குத் தாகம் எடுக்கும், மேலும் அழும், மேலும் அதே பால் கொடுப்பார்கள். கடைசியில் நீர்ச்சத்து வற்றிப்போய் வார்டுக்கு வருவார்கள். டின் விலையைப் பார்த்துத் தண்ணியாகக் கலப்பவர்களும் உண்டு. அதில் எடையும் ஏறாது, ரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்புகூட வரலாம். பணம்தான் பிரச்சினை என்றால் வெட்கப்படாமல் உங்கள் செவிலியரிடம் சொல்லுங்கள், தாய்ப்பாலைக் கூட்ட வழி பார்க்கலாம்.

பாட்டிலில் பிஸ்கட் பொடி, கஞ்சி மாவு கரைத்து ஊற்றுவதும் இதே ரகம்தான். புரையேறும், தூக்கமும் கூடாது.

எடுத்து வச்ச தாய்ப்பாலையும் பவுடர் பாலையும் ஒரே பாட்டில்ல ஊத்தலாமா?

ஊற்றலாம், ஒரு முறை இருக்கிறது. பவுடரை முதலில் அதற்குரிய தண்ணீரில் மேலே சொன்னபடி கலந்து ஆற்றிவிட்டு, அப்புறம்தான் தாய்ப்பாலைச் சேர்க்க வேண்டும். ஆனாலும் நான் தனித்தனியாகக் கொடுக்கத்தான் சொல்வேன். முதலில் தாய்ப்பாலைக் கொடுங்கள், பிறகும் பசித்தால் பவுடர் பால். சேர்த்து ஊற்றிய பாட்டிலில் பாதி மிஞ்சினால், நீங்கள் உட்கார்ந்து பீய்ச்சி எடுத்த பாலும் சேர்ந்து கொட்டிப்போகும். அதைப் பார்த்து அழுத தாய்மார்களை எனக்குத் தெரியும்.

தண்ணிக்குப் பதிலா தாய்ப்பாலிலேயே பவுடரைக் கலந்தா சத்து ஜாஸ்திதானே?

கூடாது. தாய்ப்பாலில் ஏற்கெனவே வேண்டிய சத்தும் உப்பும் இருக்கின்றன. அதன் மேல் பவுடரைப் போட்டால், ஸ்கூப் கூடப் போட்ட கெட்டிப் பாலுக்குச் சொன்ன அதே ஆபத்து. குறைமாதக் குழந்தைகளுக்கு ஆஸ்பத்திரியில் தாய்ப்பாலில் சத்துத்தூள் கலந்து கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது வேறு பொருள், மருத்துவர் அளந்து கொடுப்பது.

பீய்ச்சி எடுத்த தாய்ப்பால் எவ்வளவு நேரம் தாங்கும்? எங்க ஊர்ல அடிக்கடி கரண்ட் போகும்.

25 டிகிரி வரை உள்ள அறையில் நாலு மணி நேரம். நம் ஊர் வெயில் காலத்து அறைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே சீக்கிரம் கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் எடுத்த உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள். ஃபிரிட்ஜில் நாலு நாள் வரை வைக்கலாம். ஃப்ரீசரில் ஆறு மாதம் வரை நன்றாக இருக்கும். ஃப்ரீசரிலிருந்து எடுத்து உருகிய பாலை மறுபடி உறைய வைக்கக் கூடாது, ஃபிரிட்ஜிலேயே வைத்து ஒரு நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். மேலே ஏடு மாதிரிப் பிரிந்து நிற்பது கெட்டுப்போனதற்கு அடையாளம் இல்லை, கொழுப்புதான். மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும்.

கரண்ட் போனால் கதவைத் திறக்காமல் வைத்தாலே ஃபிரிட்ஜ் நாலு மணி நேரம் வரை குளிரைப் பிடித்துக்கொள்ளும். பாதி ராத்திரியில் கரண்ட் போவது வாடிக்கை என்றால், சேமித்து வைப்பதை நம்பாமல் அந்த நேரத்தில் மார்பிலேயே கொடுப்பது நல்லது.

பாட்டில்ல மிச்சம் இருக்கற பாலை அடுத்த வேளைக்கு வச்சுக்கலாமா?

பவுடர் பாலை வைக்கக் கூடாது. குழந்தை வாய் வைத்த ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். வாய் வைக்காமல் வெளியே இருந்தாலும் கலந்ததிலிருந்து இரண்டு மணி நேரம்தான். தாய்ப்பால் மிச்சம் என்றால் குழந்தை குடித்து முடித்து இரண்டு மணி நேரம் வரை கொடுக்கலாம். இரண்டும் கலந்த பாட்டிலுக்குப் பவுடர் பாலின் கணக்குதான். ராத்திரிக்கு முதலில் குறைவாகக் கலக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பாட்டிலா, பாலாடையா? பாட்டில் பழகிட்டா மார்பு குடிக்காதாமே?

முதல் சில வாரங்களுக்குப் பாலாடையோ சங்கோ போதும். நம் பாட்டிமார் கையில் பழகிய பொருள், கழுவவும் கொதிக்க வைக்கவும் சுலபம், மூலை முடுக்கு இல்லாததால் அழுக்கு ஒளிந்திருக்காது. குழந்தையை மடியில் நிமிர்த்தி உட்கார்த்தி, தலையையும் கழுத்தையும் ஒரு கையில் தாங்கிக்கொள்ளுங்கள். பாலாடையின் மூக்கைக் கீழுதட்டின் ஓரத்தில் வைத்து லேசாகச் சாயுங்கள். பால் உதட்டைத் தொட்டதும் குழந்தையே நாக்கை நீட்டி உறிஞ்சும். விழுங்கியதும் அடுத்த சாய்ப்பு. படுக்கப்போட்டு வாயைத் திறந்து உள்ளே ஊற்றினால் நுரையீரலுக்குள் போகும். பெரியவர்கள் அவசரத்தில் செய்வது இதுதான், யார் செய்தாலும் நிறுத்துங்கள்.

பாட்டிலில் சும்மா வாயை வைத்தாலே பால் கொட்டும், மார்பில் உழைத்துக் குடிக்க வேண்டும். அதனால் சில குழந்தைகள் சுலபமானதை விரும்ப ஆரம்பிப்பது உண்மை. பாட்டில்தான் என்றால் மார்புப் பால் நன்றாகப் பழகிய பின், மெதுவாகச் சொட்டும் நிப்பிளாக எடுத்து, பாட்டிலைச் செங்குத்தாகப் பிடிக்காமல் கிடைமட்டத்துக்குப் பக்கமாகச் சாய்த்து, நடுநடுவே நிறுத்தி மூச்சு வாங்கவிட்டுக் கொடுங்கள்.

ராத்திரி பவுடர் பால் நான் கொடுத்துடறேன். நான் வேற என்ன தெரிஞ்சுக்கணும் சிஸ்டர்? (இது ஒரு அப்பா)

இப்படிக் கேட்கும் அப்பாக்களைப் பார்த்தால் எனக்கு அவ்வளவு சந்தோஷம். விளக்கை மங்கலாக வைத்துக்கொள்ளுங்கள், விளையாட்டுக் காட்டாதீர்கள். குழந்தை வீறிட்டு அழும் வரை காத்திருக்க வேண்டாம். வாயைச் சப்புக்கொட்டும்போது, கையை வாயில் வைக்கும்போதே கலக்கத் தொடங்குங்கள். குடித்ததும் தோளில் போட்டு ஏப்பம் வரும் வரை முதுகைத் தடவிக்கொடுங்கள்.

பாட்டிலைத் தலையணையில் முட்டுக் கொடுத்து வாயில் வைத்துவிட்டு நீங்கள் தூங்கக் கூடவே கூடாது. சோபாவில் குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு கண்ணயர்வதும் ஆபத்து, மூச்சு முட்டிவிடும். குடித்து முடித்ததும் சமமான இடத்தில் மல்லாக்கப் படுக்க வையுங்கள், பக்கத்தில் தலையணை, தடிமனான போர்வை வேண்டாம். பல் முளைத்த பிறகு பாட்டிலோடு தூங்கவைக்கும் பழக்கமும் வேண்டாம், முன்பற்கள் சொத்தையாகிவிடும்.

ஒரு வேளை விட்டதும் மார்பு கல்லு மாதிரி ஆயிடுச்சு. ஜுரம் வர்ற மாதிரி இருக்கு.

பால் கட்டிக்கொண்டிருக்கிறது. பாரம் குறையும் அளவுக்கு மட்டும் கையால் பீய்ச்சி எடுங்கள். முழுவதும் எடுத்தால் உடம்பு இன்னும் கூடுதலாகச் சுரக்கும். பால் கொடுத்த பிறகு குளிர்ந்த துணி போட்டால் வலி குறையும். வேளையை விடுவதானால் ஒரே நாளில் விடாமல், சில நாட்களாக நேரத்தைத் தள்ளித் தள்ளிப் போய் விடுங்கள்.

ஓரிடத்தில் சிவந்து, தொட்டால் வலித்து, காய்ச்சலும் உடம்பு வலியும் ஒரு நாளுக்குள் குறையவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். அந்த மார்பிலும் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம், குழந்தைக்கு அதனால் கெடுதல் இல்லை.

பவுடர் ஆரம்பிச்சதுல இருந்து ஆய் நிறமே மாறிடுச்சு, நாத்தமும் அடிக்குது.

மாறும். தாய்ப்பால் குழந்தைக்கு மஞ்சளாக இளக்கமாகப் போகும். பவுடர் சேர்ந்தால் கொஞ்சம் கெட்டியாக, பழுப்பு கலந்து, வாடையோடு போகும். கொஞ்சம் கக்குவதும் சாதாரணம். மலத்தில் ரத்தமோ சளியோ தெரிந்தால், உடம்பெல்லாம் தடித்தால், ஒவ்வொரு முறையும் குடித்ததை முழுக்க வாந்தி எடுத்தால் பசும்பால் புரத ஒவ்வாமையாக இருக்கலாம். பவுடரை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்களாக வேறு டின்னுக்கோ சோயா பவுடருக்கோ மாற வேண்டாம். உதடு, முகம் வீங்கினால், மூச்சுத் திணறினால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

எந்தப் பவுடர் நல்லது சிஸ்டர்? ஒரு பேர் சொல்லுங்களேன்.

சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. குழந்தைப் பால் பவுடருக்கும் பால் பாட்டிலுக்கும் விளம்பரம் செய்வதை 1992-இல் வந்த சட்டம் நம் நாட்டில் தடுக்கிறது. 2003-இல் அதை இன்னும் இறுக்கினார்கள். இலவச டின் கொடுப்பதும் அதில் குற்றம். ஆஸ்பத்திரியில் யாராவது உங்கள் கையில் இலவசமாக டின்னைத் திணித்தால் வாங்காதீர்கள்.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு முதல் நிலை என்று போட்டிருக்கும் பவுடர். காலாவதித் தேதி பாருங்கள், திறந்த டின்னை ஈரம் படாமல் மூடி வைத்து, டின்னில் சொன்ன காலத்துக்குள் முடியுங்கள். விலை கூடினால் சத்து கூடும் என்பதில்லை.

பவுடருக்குப் பதிலா பசும்பால்ல தண்ணி கலந்து கொடுத்தா? எங்களையெல்லாம் அப்படித்தான் வளர்த்தாங்க.

ஒரு வயது வரை பசும்பால் முக்கிய உணவாக வேண்டாம். இரும்புச்சத்து மிகக் குறைவு, புரதமும் உப்பும் குழந்தைக்கு அதிகம், குடலில் கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கசியவும் வைக்கும். தேனும் ஒரு வயது வரை கூடாது. கழுதைப் பால் தெருவில் விற்றுக்கொண்டு வந்தால் கதவைத் திறக்காதீர்கள்.

சுறாப்புட்டு, பூண்டுப் பால் எல்லாம் சாப்பிடறேன். பால் ஏறவே இல்லை.

சாப்பிடுங்கள், பிள்ளை பெற்றவளுக்கு அக்கறையாகச் சமைத்துப் போடுவது நல்லதுதான். ஆனால் சுறாவோ பூண்டோ முருங்கைக்கீரையோ தானாகப் பாலைக் கூட்டிவிடாது. எந்த வேளைக்குப் பவுடர் என்ற கேள்வியில் சொன்னதுபோல, பால் எடுக்க எடுக்கத்தான் சுரக்கும். பவுடர் கொடுக்கும் வேளையிலோ அதை ஒட்டியோ ஒருமுறை பீய்ச்சி எடுத்து வைத்தால் சுரப்பு குறையாமல் நிற்கும். எல்லாம் செய்தும் ஏறவில்லை என்றால் தைராய்டு பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.

பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பால் நிறைய. ராத்திரிக்கு அவங்க பாலை வாங்கிக்கலாமா?

அவர் மனசு பெரியது. ஆனால் எச்.ஐ.வி. போன்ற தொற்றுகளும் சில மருந்துகளும் பால் வழியாகப் போகலாம். தாய்ப்பால் வங்கிகளில் தருபவரைப் பரிசோதித்து, பாலை 62.5 டிகிரியில் அரை மணி நேரம் வைத்துத்தான் கொடுக்கிறார்கள். அந்தப் பாலும் பெரும்பாலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருக்கும் குறைமாதக் குழந்தைகளுக்கே போகும். அக்காவுக்கு உபரியாகச் சுரந்தால் வங்கிக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். இணையத்தில் தாய்ப்பால் விற்பனைக்கு என்று வந்தால் வாங்காதீர்கள், தாய்ப்பாலை விற்க அனுமதி இல்லை என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

வேலைக்குத் திரும்பணும். பகல்ல பவுடர், ராத்திரி தாய்ப்பால்னு மாத்திக்கலாமா?

தாராளமாக. வேலைக்குப் போகும் தாய்க்கு இதுதான் நல்ல ஏற்பாடு. பகலில் பவுடரோ எடுத்து வைத்த பாலோ, ராத்திரி முழுக்க மார்பு. பல குழந்தைகள் அம்மா வீட்டுக்கு வந்த பிறகு சேர்த்துவைத்துக் குடிப்பார்கள், அதனால் ராத்திரி விழிப்பு கொஞ்சம் கூடும். அலுவலகத்தில் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பீய்ச்சி எடுங்கள். சட்டப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு, திரும்பிய பின் குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும் வரை தினமும் இரண்டு பாலூட்டும் இடைவேளையும் உண்டு. கேட்டு வாங்குங்கள்.

பால் கொடுக்கற வரைக்கும் மறுபடி கர்ப்பம் ஆகாதுல்ல? ராத்திரி ஒரு வேளைதானே பவுடர்?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பாலூட்டுவது கர்ப்பத்தைத் தடுக்க மூன்று நிபந்தனையும் சேர்ந்திருக்க வேண்டும். குழந்தைக்கு ஆறு மாதம் ஆகியிருக்கக் கூடாது, மாதவிடாய் திரும்பியிருக்கக் கூடாது, ஏறக்குறைய முழுக்கத் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும். பகலில் நாலு மணி நேரம், ராத்திரியில் ஆறு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விழக் கூடாது. ராத்திரி தினமும் பவுடர் கொடுத்து நீங்கள் நீளமாகத் தூங்கினால் இதை நம்ப முடியாது. காப்பர்-டி போன்று பாலூட்டும்போது பயன்படுத்தக்கூடிய முறைகள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. சாதாரண கருத்தடை மாத்திரையை நீங்களாகக் கடையில் வாங்கிப் போடாதீர்கள், சில வகை பால் சுரப்பைக் குறைக்கும்.

வைட்டமின் டி சொட்டு மருந்தை நிறுத்திடலாமா? பவுடர்லதான் எல்லாம் இருக்கே.

நிறுத்த வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் பவுடர் பால் குடித்தால்தான் அதிலிருந்து போதிய அளவு கிடைக்கும். ஒரு வேளை குடிக்கும் குழந்தைக்கு மருத்துவர் சொன்ன சொட்டு தொடரட்டும். பொதுவாக தினமும் 400 யூனிட்.

இப்ப உடம்பு தேறிட்டேன். பவுடரை விட்டுட்டு மறுபடி முழுக்கத் தாய்ப்பாலுக்கு வர முடியுமா?

பெரும்பாலும் முடியும். ஒரு வேளை மட்டும் பவுடர் கொடுத்தவர்களுக்கு இது சுலபம். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை பவுடர் பாலில் 10 அல்லது 15 மி.லி. குறைத்துக் கலந்து வாருங்கள், தண்ணீரும் பவுடரும் டின்னில் சொன்ன அதே விகிதத்தில்தான். குறைத்த நாட்களில் மார்பில் ஒன்றிரண்டு வேளை கூடுதலாக வையுங்கள். சட்டையைக் கழற்றி, உங்கள் மார்போடு ஒட்டிப் படுக்க வைத்துக்கொண்டால் குழந்தை தானாகவே தேடிக் குடிக்கும். அதிகாலையில் மார்பு நிறைந்திருக்கும் நேரம் இதற்கு மிகவும் நல்லது.

இந்த நாட்களில் சிறுநீர்க் கணக்கைத் தினமும் பாருங்கள். வாரம் ஒருமுறை, முடிந்தவரை ஒரே எடை மெஷினில், துணியில்லாமல் எடை போடுங்கள். அங்கன்வாடியிலும் எடை பார்ப்பார்கள். எடை ஏறாத வாரம் வந்தால் குறைப்பதை நிறுத்தி, முந்தைய வாரத்து அளவுக்கே திரும்பிப் போய்விட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை வார்டுப் பக்கம் வாருங்கள்.